வாயில்லா ஜீவனின் வாயில் நமது லகான்

அகிலத்தைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனுடைய திருத்தூதர் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

சென்ற மாதம் ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின் பெரியவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். புதுச்சேரி முல்லா வீதிக்காரர். எண்பது வயதைத் தொட்டவர். கையில் பேரனுடைய கைப்பேசி இருந்தது. அதில் சில படங்களைக் காட்டினார்.

"ஹஜ்ரத், பேரன் குதிரை ஏறப் பழகுகிறான். ஆரோவில் பக்கம் கொண்டுபோய் விட்டு வருகிறோம். சொந்தமாக ஒரு லகான் வேண்டுமென்று அடம் பிடிக்கிறான். இத்தனை விதம் காட்டுகிறார்கள். எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது? நம் மார்க்கத்தில் இதற்கு ஏதும் சொல்லியிருக்கிறதா?"

தோல் லகான், நைலான் லகான், நூல் பட்டை, வெள்ளி போல மின்னும் குமிழ்கள் பதித்தது எனப் பல படங்கள். இது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய சங்கதியல்லவா என்று சொல்ல வாயெடுத்தோம். ஆனால் பெரியவர் எழுந்து போகவில்லை. சற்று நேரம் தலை குனிந்திருந்துவிட்டு, தாழ்ந்த குரலில் இன்னொன்றும் சொன்னார்.

"1960-களில் நான் ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டினவன். என் குதிரை கொஞ்சம் முரடு. யாரோ சொன்னார்கள் என்று முள் கடிவாளம் வாங்கிப் போட்டேன். மூன்று வருஷம் அதன் வாயோரம் ரத்தம் பார்த்தேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இப்போது தூக்கம் வருவதில்லை. மனிதனுக்குச் செய்திருந்தால் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கலாம். அது குதிரையாயிற்றே ஹஜ்ரத்! யாரிடம் போய்க் கேட்பேன்?"

இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்விதான் என்பது அப்போது நமக்கு விளங்கிற்று. அந்தக் கேள்விக்கு நாம் தேடிக் கண்ட விளக்கத்தையே இம்மாதப் பாடமாகத் தருகிறோம். குதிரை ஏறாதவர்களும் படிக்கலாம். மாடோ ஆடோ கழுதையோ, ஒரு பிராணியின் கயிறு நம் கையில் இருக்கும் வரை இந்தப் பாடம் நமக்கும் உரியதே.

லகான் என்பது யாது?

குதிரையின் வாயில் கிடக்கும் இரும்பு, தலையைச் சுற்றி அதைத் தாங்கும் வார்கள், ஏறுபவன் கையில் பிடிக்கும் நீண்ட வார் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கடிவாளம் என்கிறோம். கையில் பிடிக்கும் வாரையே லகான் என்று தனியே சொல்வது வழக்கம். அரபியில் கடிவாளத்துக்கு லிஜாம் என்றும், கையில் பிடிக்கும் வாருக்கு இனான் என்றும் பெயர்.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. இரும்பு கிடப்பது அங்கேதான். அந்த இடத்தில் எலும்பின் மேல் மெல்லிய தோல் மட்டுமே மூடியிருக்கிறது. அதற்கு நடுவே நாக்கு. ஏறுபவனின் கை ஒரு விரற்கடை அசைந்தால், அந்த அசைவு லகான் வழியே போய் எலும்பிலும் நாக்கிலும் அழுத்துகிறது.

வாயில்லா ஜீவன் என்கிறோம். ஆனால் அதை வாயைக் கொண்டே ஆளுகிறோம். வலித்தால் சொல்ல அதற்கு வழியில்லை. தலையை உதறும், வாயைப் பிளக்கும், பின்வாங்கும். அதைக் கண்டு, "திமிர் பிடித்த குதிரை" என்று இன்னும் இழுக்கிறோம். வலியைத் திமிர் என்று படிப்பதுதான் முதல் தவறு. பெரியவரின் குதிரைக்கும் இதுவே நேர்ந்திருக்கக் கூடும்.

நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி

குதிரைகளின் நெற்றி மயிரோடு கியாம நாள் வரை நன்மை பிணைந்திருக்கிறது என்னும் கருத்துள்ள ஹதீது புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் வருகிறது. அல்லாஹ்வின் பாதையில் தன் குதிரையின் இனானைப் பற்றிக்கொண்டு ஆயத்தமாய் நிற்கும் அடியானுக்கு நற்பேறு கூறும் ஹதீதும் புகாரியில் உண்டு. லகானைப் பிடிப்பதும் இபாதத்தாகலாம் என்பதற்கு இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

மதீனாவில் ஓர் இரவு ஏதோ சப்தம் கேட்டு மக்கள் கலங்கிய பொழுது, அபூதல்ஹா (ரலி) அவர்களுடைய குதிரையில் சேணமில்லாமலே ஏறி, எல்லோருக்கும் முன்னே சென்று பார்த்துத் திரும்பியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அத்தகைய வீரர் குதிரையிடம் எப்படி நடந்துகொண்டார்கள்? தம் மேலாடையால் குதிரையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்களாம். காரணம் வினவப்பட்டபோது, குதிரை விஷயமாக இரவு தமக்குக் கண்டிப்பு வந்ததாகக் கூறினார்கள் என இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காண்கிறோம். அன்னாருக்கே குதிரை விஷயத்தில் கண்டிப்பு வந்ததெனில், நாம் எம்மாத்திரம்?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு சமயம் அடங்காத ஒட்டகத்தில் ஏறி, அதை முன்னும் பின்னுமாக விரட்டித் திருப்பினார்கள். மென்மையைக் கைக்கொள்ளும்படியும், மென்மை எதில் இருந்தாலும் அதை அழகாக்கும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இது முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது. மென்மை அழகு தரும் என்ற பொன்னான போதனை அருளப்பட்ட இடம் எது என்று கவனியுங்கள்: ஒரு பிராணியின் கயிற்றைப் பிடித்திருந்த கை!

நம் முன்னோரும் குதிரையும்

இது நமக்குப் புதிய சங்கதியல்ல. இராவுத்தர் என்னும் பெயரே குதிரை வீரனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமிரபரணி முகத்துவாரத்திலிருந்த காயல் துறையில் அரபு நாட்டுக் குதிரைகளும் பாரசீக வளைகுடாக் குதிரைகளும் வந்திறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் என்பார் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் இருந்ததென எழுதுகிறார்.

அத்துடன் அவர் இன்னொன்றையும் குறிப்பிடுகிறார். வந்த குதிரைகளுக்கு வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பாலும் கொடுத்து, நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்து, பிறகு பழக்காமலும் தக்க சாதனங்கள் இல்லாமலும் ஏறி ஓட்டினார்களாம். விரைவிலேயே அவை வலுவிழந்தன. அதே காலத்தில் வந்த மார்க்கோபோலோவும், குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இல்லாததால் அவை மடிந்தன என்றும், ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது என்றும் எழுதி வைத்தார்.

பாலும் நெய்யும் ஊட்டியவர்களுக்கு அன்பில்லை என்று சொல்ல முடியுமா? அன்பிருந்தது; அறிவில்லை. பிராணிகள் விஷயத்தில் அறிவில்லாத அன்பு போதாது என்பதை இந்த வரலாறு போதிக்கிறது. ஆகவே லகானைத் தேர்ந்தெடுப்பதும் கற்றுச் செய்ய வேண்டிய காரியமே.

எந்த லகான்?

அடுத்த ஞாயிறன்று பெரியவருடனும் பேரனுடனும் நாமும் போனோம். குதிரை பழக்குபவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தோம். அவர் முதலில் ஒரு காரியம் செய்தார். கடிவாள இரும்பைக் கழற்றி எடுத்துவந்து, அதைப் பெரியவரின் இரு உள்ளங்கைகளிலும் கொடுத்துக் கண்ணை மூடச் சொன்னார். லகானின் மறுமுனையைப் பேரனிடம் கொடுத்து, குதிரையை நிறுத்துவது போல் இழுக்கச் சொன்னார். பையன் வழக்கம் போல் இழுத்தான். இரும்பு பெரியவரின் விரல்களில் அழுந்தியது. முகம் சுளித்து, "மெதுவா வாப்பா, மெதுவா" என்றார். பிறகு கண் திறக்காமல் வெகு நேரம் நின்றார். ஏன் நின்றார் என்று பையனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

அன்று கேட்டறிந்தவற்றின் சாரம் வருமாறு:

முதலாவது, அளவு. லகான் இரண்டு வார்களாக வந்து நடுவில் ஒரு வளையத்தாலோ தையலாலோ சேரும். ஒரு பக்க வாரின் நீளம் பெரிய குதிரைக்குச் சுமார் 60 அங்குலம், நடுத்தரக் குதிரைக்கு 54, மட்டக் குதிரைக்கு 48 அங்குலம் எனக் கணக்கு. நீளம் குறைந்தால், குதிரை கழுத்தை நீட்டும்போது ஏறியவன் முன்னே இழுபடுவான். அல்லது குதிரையின் வாய் இழுபடும். நீளம் மிகுந்தால், மிஞ்சிய வளையத்தில் ஏறியவன் கால் மாட்டிக்கொள்ளும். அகலம் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை. சிறுவர் கைக்கு அரை அங்குலமே ஏற்றது. கைக்குத் தடிமனான வாரைப் பிடிக்கும் பிள்ளை முஷ்டியை இறுக்கும். இறுகிய முஷ்டி குதிரையின் வாயை அறியாது.

இரண்டாவது, பொருள். வெறும் தோல் கைக்கு இதமானது. குதிரையின் வாய் சொல்வதைக் கைக்குத் தெரிவிப்பது. ஆனால் மழையிலும் வேர்வையிலும் வழுக்கும். வழுக்கினால் பிள்ளை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ரப்பர் உறை போட்ட தோல் வழுக்காது. நூல் பட்டையில் இடையிடையே சிறு தோல் துண்டு தைத்த லகானும் உண்டு. நம் கடற்கரை ஊரின் புழுக்கத்துக்கு அது பொருத்தம். கை எங்கே இருக்க வேண்டுமென்று பிள்ளைக்கு அந்தத் தோல் துண்டே அடையாளம் காட்டும். நைலான் விலை மலிவு, எளிதில் அறாது. ஆனால் விரைவாக உருவிப் போனால் உள்ளங்கையை எரித்துவிடும். அறாமலிருப்பதே அதன் குற்றமும் ஆகும். குதிரை தவறித் தன் லகானைத் தானே மிதித்துவிட்டால் தோல் அறுந்து போகும், வாய் பிழைக்கும். நைலான் அறாது, வாய் கிழியும். அறுந்து போவதிலும் ஒரு ரஹ்மத் இருக்கிறது என்பதை அன்று அறிந்தோம்.

மூன்றாவது, பூட்டும் இடமும் பராமரிப்பும். லகான் இரும்பு வளையத்தோடு சேரும் இடத்துத் தையலையும் மடிப்பையும் ஒவ்வொரு முறை ஏறுமுன்னும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் சாதாரண இரும்புக் கொக்கி துருப்பிடிக்கும். பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ வேண்டும். வேலை முடிந்ததும் ஈரத் துணியால் வேர்வையைத் துடைத்து, நிழலில் உலர்த்தி, இலேசாக ஆமணக்கெண்ணெய் தடவ வேண்டும். காய்ந்து வெடித்த தோல் குதிரையின் கழுத்தையும் அறுக்கும். ஓட்டத்தில் திடீரென்று அறுந்து பிள்ளையையும் வீழ்த்தும்.

நான்காவது, புதிதாகப் பழகுபவனுக்கு லகானோடு கழுத்து வார் ஒன்றும் அவசியம். அது குதிரையின் கழுத்தைச் சுற்றித் தளர்வாகக் கிடக்கும் அகலமான வார். நிலை தடுமாறினால் பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் லகானைப் பிடித்துத் தொங்கும். அதாவது குதிரையின் வாயைப் பிடித்துத் தொங்கும்.

சில மஸ்அலாக்கள்

தோல்: பதப்படுத்தினால் தோல் சுத்தமாகிவிடும் என்பது ஹதீதில் வந்துள்ளது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நம் சகோதரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தோல் தொழில் இந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்ததே. முன்னாளில் ஆவாரம் பட்டை கொண்டு பதப்படுத்தினார்கள். ஆனால் பன்றித் தோல் பதப்படுத்தினாலும் சுத்தமாகாது. ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபுகளின் தீர்ப்பும் இதுவே. லகான்கள் பெரும்பாலும் மாட்டுத் தோலால் ஆனவை. பன்றித் தோல் சேணங்களிலும் உட்பட்டைகளிலும் வருவதுண்டு. வேர்வைக் கையோடு தொடும் பொருளாதலால் விற்பவரிடம் கேட்டறிந்து வாங்குங்கள். பன்றித் தோலில் மயிர்த்துளைகள் மும்மூன்றாகச் சேர்ந்திருக்கும். கூர்ந்து பார்த்தால் தெரியும்.

வெள்ளி: ஆண்கள் போர்க் கருவிகளை வெள்ளியால் அலங்கரிப்பது ஆகும் என்று கூறும் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் அது ஆகாது என்பதே மிகச் சரியான சொல் என மின்ஹாஜில் தீர்ப்பளிக்கிறார்கள். அவை மனிதன் அணிபவை அல்ல என்பது காரணம். ஹனபி மத்ஹபில் வெள்ளி பதித்த கடிவாளம் பற்றி இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களுக்கும் அவர்களுடைய மாணவர் இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்களுக்கும் இடையே கருத்து வேற்றுமை உண்டு. முன்னவர் வெள்ளி பட்ட இடத்தைத் தவிர்த்து உபயோகித்தால் ஆகுமென்றும், பின்னவர் வெறுக்கத்தக்கதென்றும் கூறினர். பெரியவர் காட்டிய படத்தில் இருந்தது வெள்ளியல்ல, வெறும் பளபளப்பு உலோகம். அதற்கு வெள்ளியின் சட்டமில்லை. ஆயினும் குமிழ் குத்திக் குதிரையின் கழுத்து புண்ணாகுமானால், அந்த அலங்காரம் எந்த மத்ஹபில் ஆகும்?

கழுத்துக் கயிறு: வில்லின் நாணைப் பிராணிகளின் கழுத்தில் கட்டுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஒட்டகங்களின் கழுத்தில் கட்டியவற்றை அறுத்தெறியச் சொன்னது புகாரியிலும், குதிரைக்கு நாண் கட்டலாகாது என்பது அபூதாவூதிலும் உண்டு. ஏன் தடுத்தார்கள்? கண்ணேறு போகும் என்ற நம்பிக்கையால் கட்டினார்கள், அதனால் தடுத்தார்கள் என்று இமாம் மாலிக் (ரஹ்) விளக்கினார்கள். வேகமாக ஓடும்போது மெல்லிய நாண் கழுத்தை நெரித்துவிடும், அதனால் தடுத்தார்கள் என்பது இமாம் முஹம்மது இப்னு ஹஸன் (ரஹ்) அவர்களின் பெயரால் வரும் விளக்கம். எந்த விளக்கத்தைக் கொண்டாலும், கல்யாண ஊர்வலக் குதிரையின் கழுத்தில் கறுப்புக் கயிற்றை இறுக்கிக் கட்டுவோர் சிந்திக்க வேண்டும். முன்சொன்ன அகலமான கழுத்து வாரோ, தளர்வாகக் கிடந்து ஏறுபவனுக்கும் குதிரைக்கும் காவலாவது. தடுக்கப்பட்ட நாணோடு அதை ஒப்பிடலாகாது.

முள் கடிவாளம்: வாய்க்குள் முட்களும் முனைகளும் வைத்த இரும்பு ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. காரணமின்றிப் பிராணியை வதைப்பது ஆகாது என்பது இமாம்களின் பொதுத் தீர்ப்பு. நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. பாரமிழுக்கும் பிராணிகள், பொதி சுமக்கும் பிராணிகள் பற்றி 1965-இல் இந்திய அரசு வகுத்த விதிகள், முள் வைத்த கடிவாளத்தையும் கூர்முனையுள்ள சாதனங்களையும் வெளிப்படையாகத் தடுத்திருக்கின்றன. இருந்தும் அது இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. மாப்பிள்ளையை ஏற்றி வரக் குதிரை அமர்த்தும் பெற்றோரே! வாடகை பேசுமுன் குதிரையின் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இரத்தம் கசியும் வாயின் மேல் ஏறி வரும் மாப்பிள்ளைக்கு எதைச் சொல்லி பரக்கத் கேட்பீர்கள்?

பெரியவருக்கு நாம் சொன்ன பதில்

திரும்பி வரும் வழியில் பெரியவர் மீண்டும் கேட்டார். நாம் மறைக்கவில்லை. கொம்பில்லா ஆட்டுக்காகக் கொம்புள்ள ஆட்டிடம் கணக்குத் தீர்க்கப்படும் நாள் ஒன்று இருக்கிறதென முஸ்லிம் கிரந்தத்து ஹதீது கூறுகிறது. அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில், தன்னைப் பட்டினி போட்டு அளவுக்கு மீறி வேலை வாங்குவதாக ஒட்டகம் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டது. அவர்கள் உரிமையாளரை அழைத்துக் கண்டித்தார்கள் என அபூதாவூதில் வருகிறது. பூனையைக் கட்டிப் போட்டு வதைத்த பெண்ணின் கதியும் நாம் அறிந்ததே. ஆகவே குதிரைதானே என்று அலட்சியமாக விட்டுவிட முடியாது.

ஆனால் அல்லாஹ்வின் வாசல் அடைபட்டதுமல்ல. தவ்பாவுக்கு மூன்று நிபந்தனைகள்: பாவத்தை விடுவது, வருந்துவது, இனிச் செய்வதில்லை என உறுதி கொள்வது. மனிதரின் உரிமையானால் திருப்பிக் கொடுப்பது நான்காவது என ரியாளுஸ்ஸாலிஹீனில் இமாம் நவவி (ரஹ்) எழுதுகிறார்கள். குதிரையிடம் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அது மண்ணாகி எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. எனினும் நன்மைகள் தீமைகளைப் போக்கும் என்பது குர்ஆனின் வாக்குறுதி. தாகித்த நாய்க்குக் கிணற்றிலிறங்கிக் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவனின் பாவம் மன்னிக்கப்பட்டதாகவும், உயிருள்ள எப்பிராணிக்குச் செய்யும் உபகாரத்துக்கும் கூலி உண்டென்றும் புகாரியில் வருகிறது.

"உங்கள் கை ஒரு குதிரையின் வாயைக் கிழித்தது. உங்கள் பேரனின் கை இன்னொரு குதிரையின் வாயை வலிக்காமல் பிடிக்கப் பழகட்டும். நீங்களே பக்கத்தில் நின்று பழக்குங்கள். நீங்கள் பட்டறிந்ததை அவனுக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். மற்றதை ரஹ்மானிடம் விடுங்கள்" என்றோம்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் பேரன் மூலம் அறிந்தோம். மின்னும் லகானை அவர்கள் வாங்கவில்லை. அரை அங்குல அகலத்தில், தோல் துண்டு தைத்த நூல் பட்டை லகானும், ஒரு கழுத்து வாரும் வாங்கினார்களாம். வீட்டுக்கு வந்ததும் பெரியவர் லகானின் ஒரு நுனியைத் தம் விரல்களில் சுற்றிக்கொண்டு, மறுநுனியைப் பேரனிடம் கொடுத்து, தினமும் மஃரிபுக்குப் பின் சற்று நேரம் இழுத்துப் பழகச் சொல்கிறாராம். தாம் பழைய நாளில் முள் கடிவாளம் போட்டு வண்டி ஓட்டிய கதையையும் சொல்லிவிட்டாராம்.

அன்பர்களே! நம்மில் குதிரை வைத்திருப்போர் மிகச் சிலரே. ஆனால் எந்தக் கையிலும் ஏதோ ஒரு லகான் உண்டு. பிள்ளைகள், வேலையாட்கள், நம் வீட்டுத் தொழுவத்து ஜீவன்கள் ஆகியோரின் வலியைத் திமிர் என்று படிக்காமல் இருப்போமாக. பிடிக்கும் முன் ஒருமுறை, மறுமுனையில் இருப்பவர் படுவது என்னவென்று நம் விரலில் சுற்றிப் பார்ப்போமாக.

நம் கைவசம் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் உயிரையும் அமானிதமாகப் பேணி, நாளை மறுமையில் அவை நமக்கு எதிராகச் சாட்சி சொல்லாத நிலையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.